ஈரம் காயாத செபமாலை

என் மாமியார் கித்தேரியம்மாளின் செபமாலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதம், புயல் போய் ஒன்பதாம் நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு, வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் முழங்காலில் நின்று இரண்டாம் பத்தின் மூன்றாம் மணியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது. மாமி பதறவில்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு கரிக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போனாள். பத்து மணி ஒரு பத்தாக ஐந்து பத்தும் முடிந்து, பிரார்த்தனையும் முடிந்து, மாதா சுரூபத்தின் முன்னிருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா பிலோமி, கஸ்பார் உயிரோடதான் இருக்கான். அவன் மணி நனைஞ்சிருக்கு பாரு."

கஸ்பார் என் கணவர், புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, வயிற்றில் மூன்று மாதம்.

மாமி மணிக்கொரு ஆள் என்று வைத்திருந்தவள். அந்த மாலை, அவள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்கு அவளுடைய அப்பா தேங்காய்ச் சிரட்டையைச் செதுக்கி, உருட்டி, தூண்டில் நரம்பில் கோத்துக் கொடுத்தது. பதினைந்து வயதில் கலியாணமாகி எங்கள் சிலுவைத்துறைக்கு வந்தவள், பதினொன்று பெற்று நாலைத் தங்கவைத்தாள், மூன்று பெண், கடைக்குட்டியாகக் கஸ்பார். செத்த ஏழு பிள்ளைக்கு ஏழு மணி, இருக்கிற நாலுக்கு நாலு, சீக்கிரமே போய்ச் சேர்ந்த புருஷனுக்கு ஒன்று, அவளுக்குப் புதுநன்மை கொடுத்த சாமியாருக்கு ஒன்று, அவளோடு மூன்று வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரிக்கும் ஒன்று. நாள் தவறாமல் முதல் பூசைக்குக் கோயில் கதவு திறக்குமுன் போய் நிற்பாள். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது என்பது திருச்சபை சொன்னது. மாமி மீனையும் சேர்த்து விட்டுவிட்டாள், கடற்கரையில் இருந்துகொண்டு மீனை விட்டால் வேறு என்னத்தைத் தின்ன, நாங்கள்தான் மோர்த்தண்ணியும் சோறுமாக அல்லாடினோம். ஆனால் மற்ற நாளில் நண்டு வாங்கினால் காலை உடைத்துச் சதையை எடுத்து என் தட்டில்தான் வைப்பாள், தன் தட்டில் ஓட்டை வைத்துக்கொள்வாள். அப்படியும் ஒரு மாமியார் இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செபமாலைச் சேதி ஊரில் பரவ ஒரு பொழுதுதான் ஆயிற்று. புயலில் எங்கள் ஊரிலிருந்து போன ஏழு பேரில் ஒருவரும் கரைசேரவில்லை. மறுநாள் சாயங்காலம் மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் தங்கள் ஆளின் சட்டையையோ இடுப்பில் கட்டுகிற சாரத்தையோ கையில் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "மாமி, எங்க ஆளுக்கும் ஒரு மணி வைங்க" என்று கேட்டார்கள். "என் பிள்ளைய மோட்சத்துல இருக்கு, அதுகளுக்கு என்னத்துக்கு மணி" என்று சொல்லி, செத்த பிள்ளைகளின் மணியில் ஆறை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தாள் மாமி. அன்று செபமாலை முடியுமுன் ஆறும் நனைந்தன. பெண்கள் வரிசையாக வந்து தங்கள் மணியை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள்.

மூன்றாம் வாரம் அதில் ஒரு மணி காய்ந்தது. நாலு நாள் கழித்து அந்த ஆளின் உடல் பக்கத்துத் துறையில் ஒதுங்கியது. அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகமே இல்லை. மணி நனைந்திருந்தால் ஆள் இருக்கிறான், காய்ந்துவிட்டால் இல்லை. காய்ந்த அன்று கோயிலில் துக்க மணி அடிப்பார்கள், உடல் கிடைக்காவிட்டால் அவன் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்து அடக்கம் செய்வார்கள், பெண்டாட்டி தாலியைக் கழற்றுவாள், ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை, எல்லாம் முறைப்படி நடக்கும். புதிதாக மாற்றலாகி வருகிற ஒவ்வொரு பங்குச் சாமியாரும் முதல் மாதம் இது மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் போடு போடென்று போடுவார், இரண்டாம் மாதம் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்ப்பார், மூன்றாம் மாதம் "காய்ஞ்சிட்டா?" என்று கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம் கேட்டுவிட்டுத்தான் பூசைக்கு நேரம் குறிப்பார். காணாமல் போனவனுக்கு இறப்புச் சான்று வேண்டுமென்றால் ஏழு வருஷம் பொறுக்கணும் என்று சொல்கிற தாலுகா ஆபீஸ்காரர்கள்கூட, மனு வந்தால் முதலில் உபதேசியாருக்குத்தான் போன் போடுவார்கள்.

சொட்டுகிற தண்ணீரைப் பித்தளைச் சட்டியில் பிடித்தோம். சட்டி நிறைந்து வழிந்தபோது தரையில் ஒரு ஓடை கீறி, சிமெண்டு பூசி, தெருவுக்கு விட்டோம். ஓடை முடிகிற இடத்தில் அடப்பங்கொடி முளைத்து ஊதாப் பூ பூத்தது, கடற்கரையில் இருக்கிற குட்டி நண்டுகள் கடலை விட்டுவிட்டு எங்கள் தெருவில் ஏறி வந்து ஓடையில் குடியிருந்தன. வருஷத்துக்கு ஒரு புயலோ, கப்பல் இடித்ததோ, மோட்டார் நின்றதோ, ஏதாவது ஒன்று வரும், நாலு பேர் வருவார்கள், மாமி நாலு மணி கொடுப்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று ஆண்களுக்கு மணி கொடுத்தாள். சிலருடையது ஒரு மாதத்தில் காய்ந்தது, சிலருடையது ஒன்பது வருஷம் சொட்டியது. ஆனால் மணி நனைந்திருந்த காரணத்துக்காக ஒருவனும் ஒருநாளும் தெருமுனையில் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

இனி என் கதை.

என் மகள் ரொசாலிக்கு இரண்டு வயது நடந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சாயங்காலம், மாமி பூசைக்குப் போயிருந்த நேரத்தில், சட்டியின் மேல் ஆணியில் தொங்கிய மாலையை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பத்தின் மூன்றாம் மணி காய்ந்திருந்தது. தேய்த்துப் பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், வெறும் சிரட்டை. மாமி நெஞ்சு வலி வந்து படுத்து எழுந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இவள் இதைப் பார்த்தால் போய்விடுவாள் என்று பயந்தேன். ஈஸ்டர் முடியட்டும், அதற்குப் பிறகு காய்ந்ததாக இருக்கட்டும் என்று நினைத்து, சட்டியில் சேர்ந்திருந்த மற்ற ஆண்களின் தண்ணீரில் என் புருஷனின் மணியை முக்கித் திரும்ப ஆணியில் மாட்டினேன். கஸ்பார் அன்றைக்குச் செத்தார் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு அழாதவள் பிறகு எந்த நாளில் அழுவது என்று தெரியாமல் இன்றுவரை அழவில்லை.

ஈஸ்டர் முடிந்தது. மாமி அந்த மணி வந்தபோது சிரித்தாள், ரொசாலியைத் தூக்கி "ஒங்க அப்பா சொட்டுதாரு பாரு" என்று விரலை நனைத்து அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். மாதா வணக்க மாதம் முடியட்டும் என்றிருந்தேன். ஊர்த் திருவிழா முடியட்டும் என்றிருந்தேன். அப்படியே தினமும் மாமி பூசைக்குப் போகிற நேரம் நான் மணியை முக்குகிற நேரமாக ஆகிவிட்டது.

ஐஸ் கம்பெனியில் தஸ்நேவிஸ் என்று ஒருவர் இருந்தார். பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர், அதிகம் பேசமாட்டார், திருவிழாச் சப்பரம் வரும்போது ரொசாலியைத் தோளில் தூக்கிக் காட்டுவார். என் அம்மா வழியாகச் சேதி அனுப்பினார். அம்மா பஸ் ஏறி வந்து என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போய், "ஒம் புருஷன் இருக்கானா இல்லையா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. இருக்கிறவன் பெண்டாட்டிக்குக் கோயில்ல ஓலை வாசிக்க மாட்டாவ" என்றாள். இன்னாருக்கு இன்னார் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தால்தான் எங்களுக்குக் கலியாணம். நான் மாமியைப் பார்த்தேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தாள். "மணி நனைஞ்சுதாம்மா இருக்கு" என்றேன். தஸ்நேவிஸ் நாலு வருஷம் பொறுத்தார், பிறகு தெற்கே ஒரு ஊரில் பெண் பார்த்து முடித்தார், பத்திரிகையை மாமி கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாமி அதை வேதாகமத்துக்குள் வைத்தாள்.

தஸ்நேவிஸ் பத்திரிகை கொடுத்த வருஷத்துக்கும் முன்னாலிருந்தே மாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் அவள்தான் முதல் ஆள். குடிகாரன், அடிதடிக்காரன், அண்ணன் நிலத்தைப் பிடுங்கியவன் எல்லாம் பின்னால் ஆற அமர வருவான், இவள் முதலில் போய் முழங்காலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பேசுவாள். "கித்தேரி மாமி அப்படி என்ன பாவத்தைத்தான் செய்தாளோ, எறும்பை மிதிச்சிருப்பா" என்று ஊரே கேலி பேசும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன ஆவணியில் எனக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. எட்டு நாள் பாயை விட்டு எழ முடியவில்லை. மாமியும் அதற்குள் படுக்கையோடு படுக்கை, தொண்ணூற்றிரண்டு வயது, கண் மங்கல், மாலையை மட்டும் கையிலிருந்து விடமாட்டாள், அவள் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் நான் அந்த மணியை நனைத்து வந்தேன். ரொசாலி தன் வீட்டிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு மணிதான். எட்டு நாள் முக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகக்கூட இருந்தது.

"அப்பாச்சி செபமாலை சொன்னாளா?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா கூட இருந்து சொன்னேன், ஒருநாளும் விடல."

"அப்பா மணி?"

"நனைஞ்சுதான் இருந்துது. எப்பவும் போலத்தான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு மாமியின் அறைக்குப் போனேன். ஏழு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் என் காலடியைக் கேட்கவில்லை. மாலையை விரலால் எண்ணி எண்ணி, இரண்டாம் பத்துக்கு வந்து, மூன்றாம் மணியைப் பிடித்து, வாய்க்குள் போட்டு, பல்லில்லாத ஈறால் மெதுவாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"மாமி" என்றேன்.

அவள் மணியை வெளியே எடுத்தாள். எச்சிலில் பளபளத்தது.

"எப்ப இருந்து தெரியும்?"

மணியை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "அன்னைக்கேதான். பெரிய வியாழன். நான் பூசைக்குக் கெளம்பும்போதே காஞ்சிதான் கெடந்துது. திரும்பி வந்து பாத்தா நனைஞ்சிருந்துது. நீதான்னு அப்பவே தெரிஞ்சி போச்சு" என்றாள்.

"பெறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவ."

மணியை விரலுக்குள் உருட்டிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"நீயும் போயிருவ, பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிருவ. அந்த ஐஸ் கம்பெனிப் பையன் நல்ல பையன்தான், நான் இல்லன்னு சொல்லல. பொம்பளப் பிள்ளைய மூணும் கட்டிக்குடுத்த வீட்டுல, எனக்கு வேற யாரு இருக்கா சொல்லு."

"சாமியார்ட்ட சொன்னியளா?"

"சனிக்கிழமதோறும் சொன்னேன். அந்தப் பிள்ளைட்ட சொல்லிரு கித்தேரின்னுதான் வந்த சாமியாரெல்லாம் சொன்னாவ. அடுத்த வாரம் சொல்லிருதேன் சாமின்னு எந்திச்சி வருவேன். வந்து ஒன் மூஞ்சியைப் பாத்தா வாயே வராது." கையை நீட்டி என் கையைத் தேடினாள். "மன்னிச்சிருளா."

முப்பத்தாறு வருஷம் நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன், அதுதான் என் புண்ணியம் என்று ரகசியமாகப் பெருமைகூடப் பட்டேன். அவளுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை, அவளுக்குத் தேவைப்பட்டது நான். நான் விட்டுக்கொடுத்த வாழ்வை அவள் தெரிந்தே கைநீட்டி வாங்கி வைத்துக்கொண்டாள். அவளை வெறுத்தேன் என்று சொன்னால் அது பாதிதான். நண்டுச் சதையை என் தட்டில் வைத்த கையும் அதுதானே. இரண்டையும் சேர்த்து நினைக்க என்னால் ஆகவில்லை. கஞ்சி காய்ச்சி எடுத்து வந்து ஊட்டினேன், வாயைத் துடைத்துவிட்டேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள், சொல்வதற்கு நிறைய நேரம் இருந்தது.

மூன்றாம் நாள் சாமியார் வந்து சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசினார், மத்தியானம் போய்விட்டாள். மூன்று பெண்களும் பேரன் பேத்திகளும் பூட்டப் பிள்ளைகளுமாக அறுபத்தேழு பேர் வந்து சேர்ந்தார்கள். தெருமுனையில் பெரிய போஸ்டர் ஒட்டினார்கள். அடக்கப் பூசையில் உபதேசியார் மரியதாசன் மைக்கைப் பிடித்து அவள் வாழ்க்கையை வாசித்தார்: படுக்கையில் விழும்வரை தவறாத எழுபத்தேழு வருஷ முதல் பூசை, மாதாவுக்குக் கட்டின ஆயிரம் பூமாலை, காலராவில் அனாதையாய்க் கிடந்தவர்களைக் கழுவிக் கட்டி அடக்கம் செய்த கை, நாற்பத்து மூன்று ஆண்களுக்காகக் ஊன்றி நின்ற முழங்கால், மகன் வருவான் என்று கடைசி மூச்சுவரை தளராத விசுவாசம். அத்தனை பேரும் தேம்பினார்கள். கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் உண்மைதான்.

எங்கள் வழக்கத்தில் இறந்தவர் கையில் அவருடைய செபமாலையைச் சுற்றி வைத்துத்தான் பெட்டியை மூடுவோம். நான் சுற்றினேன். எல்லாம் அவளோடு மண்ணுக்குள் போகட்டும் என்று இறுக்கித்தான் சுற்றினேன். லூர்தம்மாள் வந்து என் கையைப் பிடித்தாள். அவள் மகன் ரெக்சன் பத்து மாதத்துக்கு முன் கடலுக்குப் போனவன், அவனோடு சேர்த்து இன்னும் பதினோரு மணி சொட்டிக்கொண்டிருந்தன.

"பிலோமிக்கா, இதைப் பொதைச்சிட்டா எங்க பிள்ளைய இருக்கா இல்லையான்னு நாங்க யார்ட்ட போய்க் கேக்க?"

பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். மாலையின் சுற்றை அவிழ்த்துச் சட்டியில் போட்டார்கள், கோயில் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் செபமாலை வாங்கி வந்து மாமி கையில் சுற்றினார்கள். "இனி நீங்கதான் சொல்லணும்" என்று சட்டியை என் கையில் கொடுத்தார்கள்.

நான் உபதேசியாரிடம் போய், கஸ்பாருக்கும் துக்க மணி அடிங்க என்றேன். அவர் சட்டிக்குள் கையை விட்டு மாலையை எடுத்து, இரண்டாம் பத்தின் மூன்றாம் மணியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீரில் கிடந்த மாலையில் எந்த மணிதான் காய்ந்திருக்கும். "நனைஞ்சிதான இருக்கு தாயி, மாமி போன துக்கத்துல பேசுதிய" என்றார். இல்லை, அது பொய், நான் நனைத்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி பொய்யானால் மற்றப் பதினொன்றையும் யார் நம்புவார்கள். பதினோரு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். லூர்தம்மாள் தன் மருமகள் ஜெனிஷாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தாள். இருபத்து மூன்று வயது, கலியாணமாகி நாலு மாதத்தில் ரெக்சன் போய்விட்டான். அவளுடைய அக்கா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் வாங்கி வைத்துவிட்டுத் தினமும் போன் போடுகிறாள். "ரெக்சன் வந்து எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல" என்று லூர்தம்மாள் விடவில்லை. கொடுமைக்காரி இல்லை அவள். அந்தப் பெண்ணுக்குத் தலை துவட்டிவிடுகிறாள், இருக்கிறதில் நல்ல மீன் துண்டை அவளுக்குத்தான் வைக்கிறாள், தூங்கும்போது அவள் முந்தானை நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள்.

முழங்காலில் நின்று தொடங்கினேன். முதல் பத்து முடிந்தது. இரண்டாம் பத்தில் கஸ்பாரின் மணி வந்தபோது, நான் முக்காததால் அது காய்ந்துதான் இருந்தது, காய்ந்த மணியிலேயே அருள் நிறைந்த மரியே சொல்லி நகர்ந்தேன். நாலாம் பத்தின் ஏழாம் மணி ரெக்சனுடையது. அது குளிர்ந்து, பெருகி, என் மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடியது, அவ்வளவு தண்ணீர் எந்த மணியிலும் நான் பார்த்ததில்லை. ஜெனிஷா என்னைப் பார்க்கவில்லை, ஓடையில் ஊர்ந்த குட்டி நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செபத்தை நிறுத்தினேன். முந்தானையை எடுத்து அந்த மணியை ஒருமுறை துடைத்தேன், இன்னொருமுறை அழுத்தித் துடைத்தேன். விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.

"ரெக்சன் மணி காஞ்சிட்டு" என்றேன்.

ஒரு பெண் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நேரம் இருந்தது, அதற்குள் அது திரும்பக் கசியத் தொடங்கியது, நான் கையை மூடிக்கொண்டேன். ஜெனிஷா தரையில் விழுந்து கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. லூர்தம்மாள் கத்தவில்லை. என் மூடிய கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் தண்ணீர் இறங்கி என் சேலையில் விழுந்துகொண்டிருந்தது, அதை அவள் பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

துக்க மணி அடித்தார்கள். ரெக்சனின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை அக்கா வந்து ஜெனிஷாவைக் கூட்டிக்கொண்டு போனாள், கழுத்து வெறுமையாக, கையில் ஒரு பையோடு பஸ் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. ரெக்சனின் மணியை இப்போது தினமும் விடிகாலையில் எல்லோரும் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் துடைக்கிறேன், செபத்துக்கு முன்னால் மெழுகு தடவி வைக்கிறேன். அது நிற்காமல் சொட்டுகிறது. அந்தப் பையன் எங்கோ ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான் போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் வந்து நின்ற பெண்களில் ஒருத்தி, "பிலோமிக்கா அப்படி என்ன பாவத்தைச் செய்தாளோ" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.